பழைய மாருதி 800 விலைக்கு வருகிறது... வாங்கலாமா?

"ஒரே ஓனர். 1985 மாடல். கம்பெனி பெயிண்ட். ஷெட்டில் நின்ற வண்டி. விண்டேஜ் கண்டிஷன். விலை நேரில்."

இப்படி ஒரு விளம்பரம் நமது வியாபார நண்பர்கள் பலரின் கண்ணில் பட்டிருக்கும். முன்பு நாளிதழின் வரி விளம்பரத்தில் வந்தது. இப்போது செல்போனில் படத்தோடு வருகிறது. படத்தைப் பார்த்ததும் மனசு இளகிவிடுகிறது. "நம்ம அப்பா காலத்து வண்டி அல்லவா! சின்ன வண்டி, சிக்கன வண்டி, சந்துக்குள் திரும்பும், கடை வாசலில் நிறுத்தலாம்" என்று ஆசை பிறக்கிறது.

ஆசைப்படுவதில் தவறில்லை. ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். ஒரு மூட்டை துவரம்பருப்பு வாங்கும்போது குத்தூசி போட்டு எடுத்து, நிறம் பார்த்து, வாயில் போட்டுக் கடித்துப் பார்த்து, எடை போட்ட பிறகுதான் பணத்தை எடுக்கிறோம். கார் என்று வந்துவிட்டால் மட்டும் மினுமினுப்பைப் பார்த்து முன்பணத்தைக் கொடுத்துவிடுகிறோம். சரக்கு வாங்கும் அதே கண்ணோடு பழைய மாருதி 800-ஐயும் பார்ப்பது எப்படி என்று சொல்வதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

சின்னக் கார் வந்த கதை

1983-க்கு முன்பு நம் நாட்டில் கார் என்றால் அம்பாசிடர், பிரீமியர் பத்மினி என்று விரல் விட்டு எண்ணிவிடலாம். பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த காலம் அது. 1981-ல் மத்திய அரசு மாருதி உத்யோக் நிறுவனத்தைத் தொடங்கியது. 1982 அக்டோபரில் ஜப்பானின் சுஸுகி நிறுவனத்தோடு ஒப்பந்தம் ஏற்பட்டது. 1983-ல் பதிவு தொடங்கியபோது ரூ.10,000 முன்பணம் கட்டி ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வரிசையில் நின்றார்கள்.

1983 டிசம்பர் 14 அன்று பிரதமர் இந்திரா காந்தி முதல் காரின் சாவியை டெல்லியைச் சேர்ந்த ஒரு விமான நிறுவன ஊழியரிடம் கொடுத்தார். விலை ஏறக்குறைய அரை லட்சம் ரூபாய். மூன்று சிலிண்டர், 796 சி.சி. என்ஜின், நான்கு கியர், 12 அங்குலச் சக்கரம், பின்பக்கம் மேலே தூக்கித் திறக்கும் கதவு. இவ்வளவுதான் வண்டி. ஆனால் சாவியைத் திருப்பினால் கிளம்பியது, பெட்ரோலை அளந்து குடித்தது. மளிகைக் கடைக்காரரும் ஜவுளிக் கடைக்காரரும் டாக்டரும் வக்கீலும் ஒரே மாதிரி வண்டியில் போன அதிசயம் அதற்குப் பிறகுதான் நடந்தது.

1986-ல் வண்டியின் உருவம் மாறியது. முனைகள் சற்று வழுவழுப்பாக, உள்ளே இடம் சற்றுக் கூடுதலாக வந்த அந்த இரண்டாவது வடிவம்தான் நம் ஊர்களில் அதிகம் ஓடியது. 2014 ஜனவரியில் உற்பத்தி நிறுத்தப்பட்டது. அதுவரை நம் நாட்டில் மட்டும் 25 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் விற்றிருந்தன.

இதிலே வியாபாரி கவனிக்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு. முதல் சாவியைப் பெற்றவர் 2010-ல் காலமாகும் வரை அந்த வண்டியை விற்கவே இல்லை. அவருக்குப் பின் அது வெயிலிலும் மழையிலும் நின்று துருவேறியதைப் படம் பிடித்துப் பத்திரிகைகள் போட்டன. பிறகுதான் அதைச் சீர்செய்து நிறுவனத்தின் தலைமையகத்தில் காட்சிக்கு வைத்தார்கள். நாட்டின் முதல் மாருதிக்கே இந்தக் கதி என்றால், மற்ற வண்டிகளைத் துரு விட்டுவைக்குமா?

"விண்டேஜ்" என்ற சொல்லுக்கு விலை கொடுக்காதீர்கள்

விளம்பரத்தில் உள்ள "விண்டேஜ்" என்ற ஒரு சொல்லுக்கே சிலர் இருபதாயிரம், முப்பதாயிரம் கூட்டிக் கேட்கிறார்கள். 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த விதியின்படி, முதல் பதிவுக்குப் பின் 50 ஆண்டுகளைக் கடந்த வண்டிதான் விண்டேஜ் வண்டி. முதல் மாருதிக்கே 50 வயது ஆவது 2033 டிசம்பரில். 1985 மாடல் வண்டி 2035 வரை காத்திருக்க வேண்டும்.

அப்படியே 50 ஆண்டு ஆகி விண்டேஜ் பதிவு வாங்கினாலும் அந்த வண்டியை அன்றாட உபயோகத்துக்கோ வியாபாரத்துக்கோ ஓட்டக் கூடாது என்பது அதே விதி. கண்காட்சி, அணிவகுப்பு, பழுதுபார்ப்பு போன்ற காரியங்களுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம். ஆகவே கடைக்குப் போய்வர வண்டி தேடும் நமக்கு அந்தப் பட்டத்தால் ஒரு பிரயோஜனமும் இல்லை. பழைய வண்டிக்குப் பழைய வண்டி விலைதான்.

மினுமினுப்பைப் பார்க்காதீர்கள், தகட்டைப் பாருங்கள்

மாருதி 800-ன் என்ஜின் உழைப்பாளி. அது கெட்டாலும் சரிசெய்துவிடலாம். ஆம்னி வேனில் 2019 வரை வந்ததும் இதே 796 சி.சி. என்ஜின் குடும்பம்தான் என்பதால் உதிரிபாகமும் கிடைக்கிறது, கை பழகிய மெக்கானிக்கும் கிடைக்கிறார். ஆனால் தகடு அப்படியல்ல. துரு தின்ற பாடிக்கு வெல்டிங் வைத்து மாளாது. அதிலும் 1986-க்கு முந்தைய வடிவத்துக்குக் கதவு, பானெட், விளக்கு போன்றவை கிடைப்பது அரிது. அந்த வண்டியில் உடையாமல் இருக்கும் ஒவ்வொரு சாமானுக்கும் மதிப்பு உண்டு.

பகல் வெளிச்சத்தில், கழுவாத வண்டியாகப் பாருங்கள். கால் மிதியையும் அதன் கீழுள்ள விரிப்பையும் தூக்கித் தரைத் தகட்டை விரலால் அழுத்துங்கள். ஸ்டெப்னி வைக்கும் குழி, பேட்டரி அமரும் தட்டு, கதவுக்குக் கீழ்ப்பட்டை, சக்கரத்துக்கு மேல் வளைவு, முன் ஷாக்-அப்சார்பர் பொருந்தும் இடம் ஆகியவற்றைத் தவறாமல் பாருங்கள். ஒரு சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி ஓட்டிப் பார்த்தால், ஒட்டாத இடத்தில் தகட்டுக்குப் பதில் பட்டி இருப்பது தெரிந்துவிடும்.

அடுத்தது என்ஜின். முதல் நாள் இரவிலிருந்து ஓடாத வண்டியைக் காலையில் உங்கள் முன்னிலையில் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். சூடேறிய வண்டி எல்லாக் குற்றத்தையும் மறைத்துவிடும். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. ஆயில் ஊற்றும் மூடியின் உள்ளே மோர் மாதிரி வெளுப்பு இருந்தால் ஆயிலில் தண்ணீர் கலக்கிறது. டைமிங் பெல்ட் கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று கேளுங்கள். பதில் இல்லை என்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

"ஷெட்டிலேயே நின்ற வண்டி" என்பது முழுக்க நல்ல செய்தி அல்ல. தேங்கிய சரக்கின் கதை நமக்குத் தெரியாததா? நின்ற வண்டியில் கார்புரேட்டருக்குள் பெட்ரோல் பிசினாக உறையும். பிரேக் சிலிண்டரின் ரப்பர் இறுகும். ஒயரை எலி கடித்திருக்கும். டயரில் பட்டன் தேயாமல் புதிதாகவே தெரியும், ஆனால் ரப்பர் வெடித்திருக்கும். நம் கடையில் பாக்கெட்டில் தேதி பார்ப்பது போல டயருக்கும் தேதி உண்டு. பக்கவாட்டில் உள்ள எண் வரிசையில் கடைசி நான்கு இலக்கத்தைப் பாருங்கள். 1519 என்று இருந்தால் 2019-ம் ஆண்டின் 15-வது வாரத்தில் செய்த டயர். பத்தாண்டு ஆன டயரில் குடும்பத்தை ஏற்றாதீர்கள்.

பெட்ரோல் விஷயமும் முக்கியம். 2025-ல் நாடு முழுவதும் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வந்துவிட்டது. மாருதி 800 அதற்காகச் செய்த வண்டி அல்ல. பழைய ரப்பர் குழாய், கார்புரேட்டர் வாஷர் ஆகியவற்றை எத்தனால் ஊறவைத்துக் கெடுக்கும். இவற்றை எத்தனால் தாங்கும் ரகமாக மாற்றிவிடுவது நல்லது. குழாயில் கசிவு என்றால் அது செலவுப் பிரச்சினை அல்ல, தீப்பிடிக்கும் பிரச்சினை. 10 சதவீத எத்தனாலுக்கு ஏற்பச் சரிசெய்யப்பட்ட கார்களிலேயே 20 சதவீதத்துக்குப் போகும்போது மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் குறையும் என்று 2021-ல் நிதி ஆயோக் வெளியிட்ட அறிக்கை கூறியது. "லிட்டருக்கு இருபது கொடுத்தது" என்று விற்பவர் சொல்வது அந்தக் காலக் கணக்கு.

காகிதம் சரியில்லை என்றால் காலணாவுக்கும் பிரயோஜனமில்லை

தனியார் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வண்டியைக் காட்டி ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். டெல்லி சுற்றுவட்டாரத்தில் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டியை ஓட்டக் கூடாது என்ற தடையை 2018-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அந்தச் செய்தியைப் படித்துவிட்டு, தமிழ்நாட்டிலும் 15 ஆண்டோடு வண்டி செத்தது என்று பலர் நினைக்கிறார்கள். நம் மாநிலத்தில் அப்படிப்பட்ட தடை இல்லை. வண்டி தகுதியாக இருந்தால் புதுப்பிக்கலாம்.

ஆனால் செலவு கூடியிருக்கிறது. 2022 ஏப்ரல் முதல் 15 ஆண்டு கடந்த காருக்குப் புதுப்பிப்புக் கட்டணம் ரூ.5,000 ஆனது. 2025 ஆகஸ்டில் வந்த திருத்தத்தின்படி 20 ஆண்டு கடந்த காருக்கு ரூ.10,000. பசுமை வரி தனி. தாமதித்திருந்தால் அதற்கான தொகையும் சேரும். எனவே புதுப்பிப்பு எந்தத் தேதி வரை செல்லும் என்பதை ஆர்.சி.யில் பார்த்த பிறகே விலை பேசுங்கள். "எப்.சி. நீங்க எடுத்துக்குங்க" என்று விற்பவர் சொன்னால், விலையில் பத்தாயிரத்துக்கு மேல் குறைக்கச் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு.

மேலும் பார்க்க வேண்டியவை:

1. ஆர்.சி.யில் உள்ள சேசிஸ் எண்ணும் என்ஜின் எண்ணும் வண்டியில் பொறித்திருப்பதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். என்ஜின் மாற்றிய வண்டி என்றால் ஆர்.சி.யில் அது ஏறியிருக்க வேண்டும்.

2. பழைய புத்தக ஆர்.சி. வண்டிகளில் பல, கம்ப்யூட்டர் பதிவில் ஏறாமலே கிடக்கின்றன. அரசின் பரிவாகன் செயலியில் எண்ணைப் போட்டுப் பாருங்கள். விவரம் வரவில்லை என்றால், விற்பவரே அதை ஏற்றித் தந்த பிறகு வாங்குங்கள்.

3. எப்போதோ கட்டி முடித்த கடன் ஆர்.சி.யில் மட்டும் நீக்கப்படாமல் இருக்கும். பணம் கொடுத்த நிறுவனம் மூடப்பட்டிருந்தால் அலைச்சல் அதிகம். நிறுவனத்தின் ஆட்சேபணையின்மைக் கடிதமும் படிவம் 35-ம் முதலில் கைக்கு வரட்டும்.

4. நன்றாகப் பராமரித்த வண்டி பெரும்பாலும் ஒரு பெரியவரின் வண்டியாக இருக்கும். அவர் காலமாகியிருந்தால், மகன் ஒருவர் மட்டும் கையெழுத்துப் போட்டு விற்க முடியாது. படிவம் 31 வழியாக வாரிசு பெயருக்கு மாறிய பின்தான் உங்கள் பெயருக்கு வர வேண்டும். மற்ற வாரிசுகளின் சம்மதமும் வேண்டும்.

விற்றவருக்கும் ஆபத்து, வாங்கியவருக்கும் ஆபத்து

"பெயர் மாற்றம் அப்புறம் பார்த்துக்கலாம்" என்ற பேச்சுக்கு நம் ஊரில் பஞ்சமே இல்லை. இதனால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு வழக்கே உதாரணம். அதுவும் ஒரு மாருதி 800 பற்றிய வழக்கு.

2009-ல் பின்னோக்கி வந்த ஒரு மாருதி 800 மோதி ஒரு பெண்மணி காயமடைந்தார். உடன் சென்ற அவரது உறவினர் இறந்துபோனார். நஷ்டஈடு யார் கொடுப்பது என்று பார்த்தால், அந்த வண்டி ஒருவர் மாற்றி ஒருவராகப் பல கை மாறியிருந்தது. ஆனால் பதிவில் மட்டும் முதலில் விற்றவரின் பெயரே இருந்தது. அவர் 2007-லேயே விற்றுவிட்டதாகச் சொன்னார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2018 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சட்டப்படி உரிமையாளர், அவரே பொறுப்பு என்று நீதிமன்றம் கூறிவிட்டது.

யோசித்துப் பாருங்கள். விற்றுப் பணம் வாங்கி, வண்டியையே மறந்துபோன மனிதர் நஷ்டஈடு கொடுக்க வேண்டியதாயிற்று. இது நம் கடை வாசலுக்கு வந்தால், முதலுக்கே மோசம் அல்லவா?

எனவே விற்பவர் படிவம் 29-ஐ இரண்டு பிரதியும், இருவரும் சேர்ந்து படிவம் 30-ம் கையெழுத்திட்டு உடனே அலுவலகத்தில் சேர்த்துவிட வேண்டும். ஒரே மாநிலத்துக்குள் என்றால் விற்பவருக்குச் சட்டம் தரும் கெடு 14 நாள், வாங்குபவருக்கு 30 நாள். பெயர் மாறும் வரை விலையில் ஒரு பகுதியை நிறுத்திவைப்பது வாங்குபவருக்குப் பாதுகாப்பு. பெயர் மாறிய ஆர்.சி. நகலைக் கேட்டு வாங்கி வைப்பது விற்பவருக்குப் பாதுகாப்பு. பணம் வங்கி வழியாகப் போகட்டும்.

மூட்டை ஏற்றாதீர்கள்

நமது தொழிலைச் சேர்ந்தவர்கள் கட்டாயம் படிக்க வேண்டிய பகுதி இதுதான். மாருதி 800 வாங்கும் கடைக்காரர் முதலில் செய்வது என்ன? பின் சீட்டை மடித்துவிட்டு, மண்டியிலிருந்து நாலு மூட்டை அரிசி, இரண்டு டின் எண்ணெய் ஏற்றிக்கொண்டு வருவது. "நம்ம வண்டி, நம்ம சரக்கு, யார் கேட்பது?" என்று தோன்றும்.

இன்ஷூரன்ஸ் கம்பெனி கேட்கும். தனியார் கார் பாலிசியை எடுத்து, வண்டியை எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்ற வரியைப் படித்துப் பாருங்கள். வாடகைக்கு ஓட்டுவது, மாதிரிச் சரக்கும் சொந்தப் பெட்டி படுக்கையும் தவிர வேறு சரக்கு ஏற்றுவது ஆகியவற்றுக்குப் பாலிசி பொருந்தாது என்று அதில் அச்சிட்டிருக்கும். மோட்டார் வாகனச் சட்டமும், சரக்கு ஏற்றுவதற்கென்று செய்யாத வண்டியானாலும் சரக்கு ஏற்றப் பயன்பட்டால் அதுவும் சரக்கு வாகனமே என்கிறது. பின்னால் மூட்டையோடு ஒரு விபத்து நடந்தால் உங்கள் வண்டிக்கான கோரிக்கை தள்ளுபடியாகலாம். அடிபட்டவருக்குக் கம்பெனி கொடுத்தாலும், பிறகு அந்தத் தொகையை உங்களிடம் வசூலிக்க வழக்குத் தொடுக்கலாம்.

வண்டியின் உடம்பையும் பாருங்கள். அதன் சொந்த எடையே 650 கிலோ அளவுதான். நான்கு பேர் உட்காரச் செய்த சின்ன வண்டி. பின்பக்கம் பாரம் அமுக்கினால் முன்சக்கரத்தின் பிடிப்பு குறையும், பிரேக் பிடித்தால் நிற்கும் தூரம் கூடும். ஏர்பேக் கிடையாது. சரக்குக்குச் சரக்கு வண்டிதான் சரி. வாடகைக்கு ஒரு லோடு ஆட்டோ பேசுவது, ஒரு வழக்கை நடத்துவதைவிட மலிவு.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

ஒரு பேச்சுக்கு, விற்பவர் ரூ.75,000 சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நான்கு டயருக்கு 12,000, பேட்டரிக்கு 4,000, பெட்ரோல் குழாய், கார்புரேட்டர், பிரேக் ரப்பர், டைமிங் பெல்ட், கூலி எல்லாம் சேர்த்து 14,000 என்று போடுங்கள். புதுப்பிப்புக் கட்டணம் 10,000. பசுமை வரி, பெயர் மாற்றம், அலைச்சல் என்று 3,000. மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் 1,000 சி.சி.க்கு உட்பட்ட தனியார் காருக்கு 2022 ஜூன் முதல் ரூ.2,094, வரி தனி. கூட்டினால் ரூ.1,20,094 வருகிறது.

டயர், பேட்டரி, கூலி எல்லாம் உங்கள் ஊர் விலைக்கு மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள். முறை ஒன்றுதான். கொள்முதல் விலையோடு ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, வரி, சேதாரம் சேர்த்து அடக்கவிலை காண்பது நமக்குப் பழக்கம்தானே! அந்த அடக்கவிலைக்கு, இன்னும் பத்தாண்டு குறைந்த வயதுள்ள வண்டி கிடைக்குமா என்று ஒரு முறை விசாரித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

உங்களிடமே அப்படி ஒரு வண்டி இருந்தால்

சில நண்பர்களிடம் விற்க நல்ல வண்டி இருக்கும். அவர்களுக்கு ஒரு வார்த்தை. அது உங்கள் சொந்த உபயோகத்துக்கு, சொந்தப் பெயரில், கடைக் கணக்கில் சேராமல் வாங்கியது என்றால் ஜி.எஸ்.டி. பேச்சே இல்லை. ஆனால் கடைக் கணக்கில் சொத்தாகக் காட்டி ஆண்டுதோறும் தேய்மானம் எழுதியிருந்தால் நிலைமை வேறு. பதிவு பெற்ற வியாபாரி அதை விற்கும்போது, புத்தக மதிப்புக்கு மேல் கிடைக்கும் தொகைக்கு 2025 ஜனவரி முதல் 18 சதவீத வரி உண்டு. அதற்கு முன் இந்தச் சின்ன வண்டிக்கு 12 சதவீதமாக இருந்தது. உதாரணமாக, புத்தகத்தில் ரூ.3,000 ஆகத் தேய்ந்த வண்டியை ரூ.90,000-க்கு விற்றால், வித்தியாசம் 87,000. அதற்கு வரி ரூ.15,660. நல்ல விலைக்குப் போகும் பழைய வண்டிக்குத்தான் இந்தச் சிக்கல் வரும். விலை பேசுவதற்கு முன் ஆடிட்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

சர்வீஸ் பில், பழைய இன்ஷூரன்ஸ் பாலிசி, முதல் இன்வாய்ஸ், இரண்டாவது சாவி ஆகியவற்றை ஒரு கவரில் போட்டு வையுங்கள். வண்டி எப்படி வைக்கப்பட்டிருந்தது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. உள்ள குறையை மறைக்காமல் சொல்லி விற்றால், பேர் கெடாது.

முடிவாக...

நல்ல தகடு, ஒழுங்கான காகிதம், நியாயமான அடக்கவிலை இம்மூன்றும் இருந்தால் மாருதி 800 இன்றும் பயனுள்ள வண்டிதான். குடும்பத்தோடு கோயிலுக்குப் போகலாம், வசூலுக்குப் போகலாம், மழை நாளில் நனையாமல் கடை திறக்கலாம். இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் நன்றி சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். 25 லட்சம் வண்டி விற்ற நாட்டில் இன்னொரு வண்டி வராமலா போகும்?